பாஸ்போர்ட், விசா போட்டோ: வீடா, ஸ்டுடியோவா, லேபா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமலே நிறைய பேர் காசு செலவழிக்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பெரியவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போக வேண்டியதே இல்லை. பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் கைரேகை வைக்கும் கவுன்ட்டரிலேயே படமும் எடுத்துவிடுவார்கள். நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மட்டும் வெள்ளைப் பின்னணியில் 3.5க்கு 4.5 சென்டிமீட்டர் படம் கையில் இருக்க வேண்டும். ஆகவே நாளைக்குப் புதுச்சேரி கேந்திரத்தில் அப்பாயின்ட்மென்ட், இன்றைக்குள் போட்டோ எடுக்கணுமே என்று பதறுகிறவர்கள், குழந்தைக்காக இல்லையென்றால், அதை விட்டுவிட்டு ஒரிஜினல் சான்றிதழ்களை எடுத்து வைக்கலாம்.

கேள்வி வருவது விசாவுக்கும், வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்கும், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கும் ஓசிஐ அட்டைக்கும்தான். நம் பக்கத்தில் இந்த மூன்றுக்கும் ஆள் அதிகம். 1962இல் பிரான்ஸ் புதுச்சேரியைச் சட்டப்படி இந்தியாவிடம் ஒப்படைத்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இன்னும் இங்கே இருக்கின்றன. அவர்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட், கூடவே ஓசிஐ. கடலூர் பக்கம் வந்தால் சிங்கப்பூரில் வேலை, அமெரிக்காவில் மகன், கனடாவில் பிறந்த பேத்தி என்று தெருவுக்கு நாலு வீடு இருக்கும். ஒவ்வொரு நாட்டுக்கும் வேறு அளவு, வேறு பின்னணி. ‘பாஸ்போர்ட் சைஸ் எட்டு காப்பி’ என்று வாங்கி வந்த ஒரே போட்டோவை எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடலாம் என்று நினைப்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

இருக்கிற வழிகள் நான்கு. முழுக்க ஸ்டுடியோ, வீட்டிலேயே எடுத்து வீட்டு பிரிண்டரிலேயே அச்சிடுவது, வீட்டில் எடுத்து, போட்டோ பிரிண்ட் போடும் கடையான லேபில் அச்சுப் போடுவது, மொபைல் ஆப்பிடம் விட்டுவிடுவது. என் முடிவை முன்னாலேயே சொல்கிறேன். பெரும்பாலான விசாவுக்கு மூன்றாவது வழிதான் சரி, அப்லோடு மட்டும் கேட்கிற இடத்தில் அச்சே வேண்டாம். பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்கும் கனடா பாஸ்போர்ட்டுக்கும் ஸ்டுடியோவைத் தவிர வேறு வழி பார்க்காதீர்கள். ஆப் எதற்கும் வேண்டாம்.

ஸ்டுடியோவை ஏன் எடுத்ததும் சொல்லவில்லை என்று கேட்கலாம். நேரு வீதியிலும் திருப்பாதிரிப்புலியூரிலும் கை தேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள், நல்ல லைட் இருக்கிறது, பத்து நிமிடத்தில் வேலை முடியும். எல்லாம் உண்மைதான். ஆனால் நம் ஊர் ஸ்டுடியோவுக்குப் பழகிப்போன வேலை கல்யாண ஆல்பமும் வேலைக்கான விண்ணப்பப் போட்டோவும். அங்கே வாடிக்கையாளர் அழகாகத் தெரிய வேண்டும். அதனால் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய உடனேயே கை தானாகப் போய் முகத்தை இரண்டு ஷேடு வெளுப்பாக்கும், கன்னத்து மச்சத்தைத் துடைக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையத்தை எடுக்கும், பின்னணியை வெட்டிவிட்டுப் பளீர் வெள்ளையோ நீலமோ போடும். இவையெல்லாம் விசா போட்டோவில் தப்பு. அமெரிக்க வெளியுறவுத் துறை கணினி மென்பொருள், ஆப், ஃபில்டர், செயற்கை நுண்ணறிவு எதை வைத்தும் மாற்றாத படம்தான் வேண்டும் என்று தெளிவாக எழுதியே வைத்திருக்கிறது. மச்சம் என்பது எல்லையில் நிற்கும் அதிகாரிக்கு அடையாளம். அதைத் துடைத்துவிட்டு ‘நல்லா வந்திருக்கு பாருங்க’ என்று கையில் கொடுப்பதில் அந்த மனிதரின் அன்பு இருக்கிறது, ஆனால் விண்ணப்பிக்கிறவருக்கு அதனால் நஷ்டம்.

நிறத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நம் தோல் கறுப்பாக, மாநிறமாக இருக்கிறது, படத்தில் அப்படியே வர வேண்டும். வெளுப்பாக்கிய படமும் நேரில் நிற்கும் ஆளும் ஒத்துப்போகாவிட்டால் கேள்வி கேட்கப்படுவது நம்மைத்தான். ஸ்டுடியோவில் உட்காரும் முன்பே, ‘அண்ணே, இது விசாவுக்கு, டச்சப் எதுவும் வேணாம், கலர் அப்படியே இருக்கட்டும், பின்னாடி இருக்கிற ஸ்கிரீனையும் மாத்தாதீங்க’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால் செய்வார்கள். யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இனி ஸ்டுடியோவுக்கே போக வேண்டிய இரண்டு இடங்கள். பிரெஞ்சு விதி, பாஸ்போர்ட் படத்தைத் தொழில்முறைப் புகைப்படக்காரரோ அரசு ஒப்புதல் பெற்ற போட்டோ பூத்தோ எடுத்திருக்க வேண்டும் என்கிறது. பூத் இங்கே எங்கே கிடைக்கும், ஆகவே ஸ்டுடியோ. அளவு 35க்கு 45 மில்லிமீட்டர். தாடையிலிருந்து உச்சந்தலை வரை முகம் 32 முதல் 36 மில்லிமீட்டர், தலைமுடியின் உயரம் அதில் சேராது. பின்னணிதான் முக்கியம்: வெளிர் சாம்பல் அல்லது வெளிர் நீலம். வெள்ளை கூடாது. நம் ஊரில் ‘விசா போட்டோ’ என்று சொன்னால் கேட்காமலே வெள்ளைத் திரையை இழுத்து விடுவார்கள், கான்சுலேட்டில் அதே படத்தைப் பார்த்ததும் திருப்பிக் கொடுப்பார்கள். தெரிந்த குடும்பம் ஒன்று லாஸ்பேட்டையிலிருந்து மூன்று பிள்ளைகளையும் பள்ளிக்கு லீவு போட வைத்துக் கூட்டிக்கொண்டு வந்து, படம் வெள்ளையாக இருந்ததால் அப்பாயின்ட்மென்டையே இழந்தது. அடுத்த தேதி கிடைக்க வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். சாம்பல் திரை இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டுப் போனால் இந்த வேதனை இல்லை.

கனடா பாஸ்போர்ட்டுக்கும் வீட்டுப் படம் செல்லாது, தொழில்முறைப் புகைப்படக்காரர்தான் எடுக்க வேண்டும். அளவும் பெரியது, 50க்கு 70 மில்லிமீட்டர், அதில் முகம் 31 முதல் 36. ஒரு படத்தின் பின்பக்கம் ஸ்டுடியோவின் பெயர், முகவரி, படம் எடுத்த தேதி இருந்தாக வேண்டும். பேத்தியை லீவுக்குக் கடலூர் கூட்டி வந்த இடத்தில் பாஸ்போர்ட் புதுப்பிக்க நேர்ந்தால் இந்தக் கணக்கை எழுதியே எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போங்கள், ரப்பர் ஸ்டாம்ப் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கனடா விசிட்டர் விசா வேறு சமாச்சாரம், அது 35க்கு 45, வீட்டில் எடுக்கலாம்.

இவை போக மீதி எல்லாவற்றுக்கும் வீட்டில் எடுத்த படம் போதும் என்பதோடு, கவனமாக எடுத்தால் ஸ்டுடியோ படத்தைவிட ஏற்றுக்கொள்ளப்படும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது என்பது என் எண்ணம். அதற்குக் காரணம், வீட்டில் நூறு படம் எடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள், யாரும் முகத்தைத் திருத்த மாட்டார்கள்.

வெளிச்சத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நேர் வெயில் விழாத பெரிய ஜன்னலோ வாசலோ போதும். ஆள் ஜன்னலைப் பார்த்து நிற்கட்டும், எடுப்பவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்கட்டும். தலைக்கு மேலே டியூப் லைட் எரிந்தால் கண்குழியிலும் மூக்குக்குக் கீழேயும் நிழல் விழும், அணைத்துவிடுங்கள். ஃபிளாஷும் வேண்டாம். சுவரோடு ஒட்டி நின்றால் காதுக்குப் பின்னால் நிழல் ஓடும், இரண்டு மூன்று அடி தள்ளி நின்றால் அது போய்விடும். தாடைக்குக் கீழே இருட்டாக இருந்தால் ஒரு வெள்ளை சார்ட் பேப்பரை மார்புக்கு நேராக, படத்தில் விழாத மாதிரி படுக்கையாகப் பிடிக்கச் சொல்லுங்கள். கழுத்துப் பக்கம் வெளிச்சம் ஏறுவது கண்ணுக்கே தெரியும்.

சுவர் பச்சையாகவோ ரோஸாகவோ இருந்தால் அப்பாவின் எட்டு முழ வேட்டி இருக்கிறதே, இஸ்திரி போட்டு மடிப்பு இல்லாமல் இறுக்கமாகக் கட்டினால் அதைவிட நல்ல வெள்ளைத் திரை கிடையாது. கரை மட்டும் படத்துக்கு வெளியே இருக்கட்டும். இப்படி வெள்ளைக்கு முன்னால் நிறுத்தினால் போன் கேமரா ‘வெளிச்சம் அதிகம்’ என்று எண்ணி முகத்தை இருட்டாக்கும். திரையில் முகத்தின் மேல் விரலைத் தொட்டுப் பிரகாசத்தைக் கொஞ்சம் மேலே இழுத்தால் சரியாகிவிடும். வெள்ளைச் சட்டை போட்டால் தோளும் திரையும் ஒன்றாகிவிடும், அடர் நிறம் போடுங்கள். தலையை மூடும் பெண்கள் மதக் காரணத்துக்காக மூடியே எடுக்கலாம், நெற்றி முதல் தாடை வரை முகம் முழுக்கத் தெரிந்தால் போதும். துணி மட்டும் வெள்ளையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். அமெரிக்கா 2016 நவம்பரிலிருந்து விசா படத்தில் கண்ணாடி கூடாது என்கிறது, மற்ற நாடுகளுக்கும் கண்ணாடி இல்லாமல் எடுத்தால் பளபளப்புப் பிரச்சினை வராது. நம் கடலோரப் புழுக்கத்தில் நெற்றியில் எண்ணெய் வழியும், ஒவ்வொரு தடவையும் கைக்குட்டையால் ஒற்றி எடுத்துவிட்டு அழுத்துங்கள்.

செல்ஃபி எடுக்காதீர்கள். கை தூரத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகி, காது உள்ளே போய், ஆளே வேறு மாதிரி இருப்பார். சில போன்களில் செல்ஃபி கண்ணாடி பிம்பமாகப் பதிவாகும், இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்கு மாறிவிடும். பின்பக்கக் கேமராவை வைத்து, கண் மட்டத்தில் பிடித்து, ஐந்தாறு அடி தள்ளி நின்று, இன்னொருவர் எடுக்கட்டும். 2எக்ஸ் ஜூம் இருந்தால் போட்டுக்கொள்ளலாம். பிறகு வெட்டிக்கொள்வதற்கு இன்றைய போன்களில் தேவையான பிக்ஸல் இருக்கிறது. போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம், அது காது ஓரத்தையும் முடியையும் மங்கலாக்கும். பியூட்டி செட்டிங் பல போன்களில் நாம் கேட்காமலே ஆன் ஆகியிருக்கும், அதைத் தேடிப் பிடித்து அணையுங்கள்.

கைக்குழந்தை என்றால் வீடுதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்டுடியோவில் அந்த லைட்டைப் பார்த்ததும் குழந்தை வீறிட்டு அழும், அழுத முகம் செல்லாது. வீட்டில் பால் குடித்து முடித்து, தூங்கி எழுந்து கொஞ்சம் நிதானமாக இருக்கும் நேரம் ஒன்று வரும், அம்மாவுக்கு அது எப்போது என்று தெரியும். ஜன்னல் பக்கம் பாயை விரித்து மேலே வேட்டியை இறுக்கி, குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, மேலிருந்து நேர் கீழாக எடுங்கள். எடுப்பவரின் நிழல் முகத்தில் விழாமல் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். தலைக்குப் பின்னால் தலையணை தெரியக் கூடாது, பாட்டியின் கை தெரியக் கூடாது, கிலுகிலுப்பையை ஆட்டினால் அது ஃபிரேமுக்கு வெளியே இருக்க வேண்டும். அப்புறம் கன்னத்திலும் நெற்றியிலும் வைக்கும் திருஷ்டிப் பொட்டு: வீட்டுப் பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லிப் படம் எடுக்கும் வரை வைக்காமல் இருங்கள், முடிந்த உடனே வைத்துக்கொள்ளலாம். பச்சிளம் குழந்தைக்குக் கண் முழுதாகத் திறக்காவிட்டாலும் அமெரிக்கா ஏற்றுக்கொள்கிறது. மற்ற நாடுகளுக்குத் திறந்த படம் கிடைக்கும் வரை பொறுமையாக எடுங்கள்.

படம் கிடைத்துவிட்டது. அடுத்து அது கோப்பாகப் போகிறதா, காகிதமாகப் போகிறதா என்று பாருங்கள். அமெரிக்க விசாவின் டிஎஸ்-160 படிவத்தில் அப்லோடு. சதுரப் படம், குறைந்தது 600க்கு 600 பிக்ஸல், அதிகபட்சம் 1200க்கு 1200, ஜேபெக், 240 கேபிக்குள். படத்தின் உயரத்தில் தலை 50 முதல் 69 சதவீதம். 600 பிக்ஸல் படம் என்றால் தாடையிலிருந்து உச்சி வரை 300 முதல் 414 பிக்ஸல், இப்படி எண்ணாக வைத்துக்கொண்டால் வெட்டுவது சுலபம். பின்னணி வெள்ளை அல்லது அதை ஒட்டிய நிறம். சிங்கப்பூருக்கு 400க்கு 514 பிக்ஸல், வெள்ளைப் பின்னணி. ஓசிஐக்குச் சதுரப் படம், ஆனால் பின்னணி வெள்ளையாக இருக்கக் கூடாது, வெளிர் நிறம் கேட்கிறார்கள். வேட்டிக்குப் பதில் வெளிர் நீல சார்ட் பேப்பர் இரண்டை ஒட்டிக் கட்டினால் தீர்ந்தது. அமெரிக்க விசாவுக்கும் ஓசிஐக்கும் இரண்டும் சதுரம்தானே என்று ஒரே படத்தைப் போடாதீர்கள். பிரிட்டன் விசாவுக்குப் படம் கைரேகை பதியும் பயோமெட்ரிக் மையத்திலேயே எடுத்துவிடுவார்கள், நாம் ஒன்றும் செய்ய வேண்டாம்.

காகிதம் கேட்கிற இடத்தில், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா முக்கியம். 35க்கு 45, முகம் 70 முதல் 80 சதவீதம். பின்னணி வெள்ளையா வெளிர் சாம்பலா என்பதை நீங்கள் போகும் நாட்டின் செக்லிஸ்டைப் பார்த்துச் செய்யுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் போன வருஷம் வேறு நாட்டுக்குக் கொடுத்ததைப் பார்த்து அல்ல. சீனா 33க்கு 48 கேட்கிறது. அந்த அளவு எந்த ஸ்டுடியோ கம்ப்யூட்டரிலும் தயாராக இருக்காது, நீங்களே வெட்டி எடுத்துப்போவதுதான் நல்லது.

வீட்டு பிரிண்டரா லேபா என்றால் நான் லேபைத்தான் சொல்வேன். இங்க்ஜெட் பிரிண்டரில் கிளாஸி தாள் போட்டு எடுத்தால் தரம் மோசமில்லை, ஆனால் கடலோரக் காற்றில் மை காய நேரம் பிடிக்கும், அதற்குள் விரல் பட்டால் ரேகை பதிந்துவிடும், மழைக்காலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒட்டிக்கொள்ளும். பார்டர்லெஸ் என்று தேர்ந்தெடுத்தால் பிரிண்டர் ஓரம் நிரம்புவதற்காகப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கும், 35 மில்லிமீட்டர் 36 ஆகிவிடும். ‘ஃபிட் டு பேஜ்’ இருந்தால் எல்லாக் கணக்கும் போச்சு. வீட்டில்தான் அச்சிட வேண்டும் என்றால் நூறு சதவீத அளவைத் தேர்ந்தெடுத்து, தாளின் ஓரத்தில் சரியாக 50 மில்லிமீட்டருக்கு ஒரு கோட்டையும் சேர்த்து அச்சிடுங்கள். வந்ததும் ஸ்டீல் ஸ்கேலை அந்தக் கோட்டின் மேல் வையுங்கள், ஐம்பது இருந்தால் படமும் சரி.

லேபில் நாலுக்கு ஆறு இன்ச் பிரிண்ட் பத்து இருபது ரூபாயில் முடிகிறது, காய வைக்கும் வேலையும் இல்லை. அந்தத் தாளை நீங்களே தயார் செய்துகொண்டு போங்கள். 300 டிபிஐ, அதாவது ஒரு இன்ச்சுக்கு 300 பிக்ஸல் கணக்கில் 1800க்கு 1200 பிக்ஸல் தாள். 35க்கு 45 மில்லிமீட்டர் படம் என்பது 413க்கு 531 பிக்ஸல், நாலு நாலாக இரண்டு வரிசை, எட்டுப் படம் தாராளமாக அடங்கி ஓரத்திலும் இடம் மிச்சமிருக்கும். இரண்டு இன்ச் சதுரம்தான் ஏமாற்றும். கணக்குப்படி நாலுக்கு ஆறில் ஆறு படம் கச்சிதமாக அடங்கும், ஆனால் ஓரத்தில் ஒரு மயிரிழை இடம்கூட இருக்காது, லேப் மெஷின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டினாலும் வெளியே இருக்கும் படங்கள் இரண்டு இன்ச்சுக்குக் குறைந்துவிடும். அதனால் ஒரு தாளில் இரண்டே இரண்டு படத்தை நடுவில் இடைவெளி விட்டு வையுங்கள். இன்னொரு தாளுக்கு இன்னும் பத்து இருபது ரூபாய், அவ்வளவுதான்.

வெள்ளைப் பின்னணிப் படத்தை வெள்ளைத் தாளில் அடுக்கினால் எங்கே வெட்டுவது என்றே தெரியாது. ஒவ்வொரு படத்தைச் சுற்றியும் மெல்லிய சாம்பல் கோடு ஒன்று போடுங்கள், வெட்டும்போது கோட்டின் உள்பக்கமாக வெட்டினால் கோடு படத்தில் வராது. கத்தரிக்கோலை விட பிளேடும் ஸ்டீல் ஸ்கேலும் நேராக வெட்டும். லேபிலேயே கட்டர் இருக்கும், கேட்டால் வெட்டித் தருவார்கள்.

லேபுக்குக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள். போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள் அல்லது பென் டிரைவில் கொண்டுபோங்கள். ‘ஆட்டோ கரெக்‌ஷன் போடாதீங்க, சைஸ் மாத்தாதீங்க’ என்று அங்கேயும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மெஷின் தானாகவே முகத்தை வெளுப்பாக்கிக் கொடுக்கும். பிரிண்ட் வந்ததும் கடையை விட்டு இறங்கும் முன் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

ஆப்பைப் பற்றிச் சுருக்கமாக. நாட்டைத் தேர்ந்தெடுத்தால் அளவு வெட்டித் தரும் வரை அதில் தப்பில்லை. ஆனால் அவை பெரும்பாலும் பின்னணியை அழித்து வெள்ளை போட்டுத்தான் கொடுக்கின்றன, அழிக்கிற இடத்தில் சுருட்டை முடியும் காது ஓரமும் சேர்ந்து போகின்றன. பின்னலின் நுனி ரம்பம் மாதிரி வெட்டுப்பட்ட படங்கள் எத்தனையோ பார்த்தாயிற்று. அமெரிக்கா இதை மாற்றம் செய்த படம் என்றே எடுத்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் விசா கட்டணம் கட்டிவிட்டு, சென்னைக்கு பஸ் பிடித்து, அங்கே போய் ஒரு ஆப்பால் திரும்பி வருவது தேவையா? நிஜமான வெள்ளைத் துணிக்கு முன்னால் நின்றால் அந்தப் பயமே இல்லை. வெட்டுவதற்குப் போனில் இருக்கும் கிராப் வசதியே போதும்.

கடைசியாக, படம் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலான நாடுகள் கேட்கின்றன, பழைய விசாவில் இருக்கும் அதே சட்டை, அதே முகத்தைத் திரும்பக் கொடுத்தால் பார்த்த உடனே தெரிந்துவிடும். வெட்டாத மூலப் படத்தைப் போனில் தேதியோடு வைத்திருங்கள். ஷெங்கனுக்கு 35க்கு 45 வெட்டிய அதே மூலத்திலிருந்து, அடுத்த மாதம் அமெரிக்க விசா என்றால், பின்னணி வெள்ளையாக இருக்கும் பட்சத்தில், சதுரமும் வெட்டிக்கொள்ளலாம். அதற்காகத்தான் எடுக்கும்போதே தலைக்கு மேலேயும் தோளுக்கு இரண்டு பக்கமும் நிறைய இடம் விட்டு எடுக்கச் சொல்கிறேன்.